விட்டுப் பிடித்தல்

பொரளைச் சந்தியில்தான் முதலில் தெரிந்தது.
பிறேக் லீவரில் வைத்த இரண்டு விரல்களுக்குள்
ஒரு நாடி.
தள்ளும், தளரும், தள்ளும்.
வேகம் குறையக் குறைய அதுவும் மெலிந்து
சிவப்பு விளக்கடியில் அடங்கியது.

நாடி எனக்குப் பழக்கம்.
வீடு வீடாய்ப் போய் இரத்தம் எடுக்கிறவள் நான்.
வெள்ளவத்தையில் ஆறு வீடு, பம்பலப்பிட்டியில் இரண்டு,
கடைசியாகக் கொட்டாஞ்சேனை.
பின்சீற்றில் நீலப் பெட்டி, பெட்டிக்குள் ஐஸ்,
ஐஸுக்கு மேலே ஊதா மூடி, மஞ்சள் மூடி, சிவப்பு மூடி.
இரும்புக்கு நாடி இருக்கக் கூடாது என்பது மட்டும்
யாரும் சொல்லாமலே தெரியும்.

"பேட் தேய்ஞ்சிட்டுது" என்றான் ஒழுங்கை முனைக் கராஜ்காரன்.
புதுசு ஒரு சோடி, இரண்டாயிரத்து நானூறு.
மாற்றிய அன்றைக்கு இன்னும் மோசம்.
பழைய பேட் அந்தக் கோணலோடு
எப்படியோ சமாளித்துக் குடும்பம் நடத்தியிருக்கிறது.
புதியவை ஒவ்வொரு சுற்றுக்கும் முறைப்பாடு வைத்தன.

அந்தக் கிழமைதான் லாபிலிருந்து நிரஞ்சலா எடுத்தாள்:
"அக்கா, ஜெயசீலன்ட சாம்பிள் உடைஞ்சு போச்சு,
சீரம் முழுக்க ரோஸ் நிறம். திரும்ப எடுக்கோணும்."
ஜெயசீலனுக்குக் கிழமைக்கு மூன்று தரம் டயலிசிஸ்.
இடக்கையைத் தொடக் கூடாது.
வலக்கையில் குத்த மிச்சம் இருப்பது ஒன்றோ இரண்டோ.
அவர் ஒன்றும் கேட்கவில்லை, சேர்ட் கையை மடித்தார்.
கேட்டிருக்கலாம்.
பைக் குலுக்கியதாலா, நான் சிரிஞ்சை இழுத்த அவசரத்தாலா,
எனக்கே தெரியாது.
தெரியாததால்தான் பஞ்சிகாவத்தைக்குப் போனேன்.

இன்ஷாப்புக்கு என் வயதுதான் இருக்கும்.
முன்சில்லைத் தூக்கி நிறுத்தி
ஃபோர்க்கில் ஒரு சின்ன மணிக்கூட்டைப் பூட்டி
ஒற்றை விரலால் சில்லைச் சுற்றினான்.
முள் ஏறியது, இறங்கியது.
பூச்சியம் தசம் மூன்று மில்லிமீற்றர்.
மூன்று தலைமயிர்த் தடிப்பு.
அந்த மூன்று மயிரைத்தான்
ஒரு மாதமாய்க் கொழும்பெல்லாம் விரலில் கொண்டு திரிந்திருக்கிறேன்.

டிஸ்கில் நீலம் பாரித்த ஓரிடத்தைக் காட்டினான்,
பேட்டின் அச்சு, அப்படியே.
"சூட்டோட நிப்பாட்டி, இறுக்கிப் புடிச்சிக்கிட்டே
நின்டிருக்கீங்க. எங்கயோ ஒரு சிக்னல்ல."

எந்தச் சிக்னல்?
தும்முல்லையா, மருதானையா, ஆமர் வீதியா?
நான் எல்லாச் சிக்னலிலும் அப்படித்தானே நிற்பேன்.
தட்டை வீதியிலும்,
பின்னால் நூற்றிமுப்பத்தெட்டு பஸ் உறுமிக்கொண்டிருக்க,
விட்டால் உருண்டுவிடும் என்பதுபோல.

புது டிஸ்க். சீட்டுக் காசு போயிற்று.
பேட்டை மண்கடதாசியில் தேய்த்துக் கண்ணாடிப் பளபளப்பை எடுத்தான்.
"முழுசா நிப்பாட்டாதீங்க.
அறுபதுல இருந்து பத்து. உட்டுருங்க. திரும்ப அறுபது.
இருபது தரம்."

விடிய ஐந்தரைக்கு மரீன் டிரைவ்.
ஒரு பக்கம் ஃபிளாட் வீடுகளின் இருண்ட பல்கனிகள்,
மறுபக்கம் தண்டவாளம், கடல்.
ஏற்றி, பிடித்து, விட்டு,
ஏற்றி, பிடித்து, விட்டு.
விரல்கள் அந்த நாடியை எதிர்பார்த்தபடியே இருந்தன,
கழற்றிய மோதிரத்தைத் தடவிப் பார்ப்பதுபோல.
பொலிஸ்காரர் ஒருவர் மறித்து
எதையாவது தொலைத்துவிட்டீர்களா மிஸ் என்றார், சிங்களத்தில்.
பிறேக் பழக்குகிறேன் என்றேன்.
பிறேக்கையா என்று சிரித்தார்.
அதற்குள் பாணந்துறைப் பக்கமிருந்து ரயில் இரைந்து வந்து
கணக்கு விட்டுப்போயிற்று.
பதினேழோ, பதினெட்டோ.

கொள்ளுப்பிட்டிச் சந்தியில் சிவப்பு.
யாருமில்லை.
பழக்கதோஷத்தில் இறுக்கிப் பிடித்துவிட்டு
நினைவு வந்து விட்டேன்.
பெட்டிக்குள் வெறும் ஐஸ் ஒருமுறை கிலுங்கியது.
பைக் எங்கும் போகவில்லை.